பந்து எங்கே போகிறது? ஃபோர்ஹேண்ட் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

டென்னிஸில் ராக்கெட் பிடித்த கையின் பக்கம் வரும் பந்தை உள்ளங்கை முன்னே பார்க்க அடிப்பது ஃபோர்ஹேண்ட். அது சொதப்பினால் எல்லோரும் முதலில் கையைத்தான் பார்ப்பார்கள், அடுத்து ராக்கெட்டை. கை செய்வது கடைசி வேலை. அதற்குமுன் கால் நகர வேண்டும், தோள் திரும்ப வேண்டும், பந்துக்கும் உடம்புக்கும் சரியான இடைவெளி அமைய வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் கை எதையோ செய்து சமாளிக்கப் பார்க்கும். நாம் பிழை என்று பார்ப்பது பெரும்பாலும் அந்தச் சமாளிப்பைத்தான். அதனால் கீழே அறிகுறியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகிறோம். எல்லாமே வலக்கை ஆட்டக்காரருக்குச் சொல்லப்பட்டவை. இடக்கையர் வலத்தையும் இடத்தையும் மாற்றிக்கொள்ளவும்.

முதலில் கணக்கு

யாரையாவது ஒரே வேகத்தில் 20 பந்து போடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் எங்கே போனது என்று குறியுங்கள்: வலை, நீளம் (கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனைத் தாண்டியது), வலப்பக்க வெளி, இடப்பக்க வெளி, ஃபிரேம் (ராக்கெட்டின் விளிம்பில் பட்டது), குறுகியது (பேஸ்லைனுக்கு மிக முன்பே விழுந்தது), நல்லது. தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே கட்டத்தில் விழுந்தால் அதுதான் உங்கள் கோளாறு. அந்தப் பகுதிக்கு நேராகப் போங்கள். எல்லாக் கட்டத்திலும் சிதறிக் கிடந்தால் அது வீச்சின் பிழையாக இருக்காது. கால் நகராததும் இடைவெளி தவறுவதும்தான் பந்தை அப்படிச் சிதறடிக்கும். அப்போது "பந்து ஃபிரேமில் படுகிறது" பகுதியிலிருந்து தொடங்குங்கள்.

கணக்கெடுக்கும்போது செத்த பந்து வேண்டாம். விதிப்படி 254 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் டென்னிஸ் பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும். கோர்ட்டில் அளக்க எளிய வழி: தலை உயரத்திலிருந்து விடுங்கள், ஏறக்குறைய இடுப்பு வரை எழவில்லையென்றால் அந்தப் பந்தைக் கூடையிலிருந்து எடுத்துவிடுங்கள். எழாத பந்தில் பழகியவர் நல்ல பந்தில் எல்லாவற்றையும் தாமதமாகவே தொடுவார்.

போனில் படம் எடுப்பதானால் ஸ்லோ மோஷனில் எடுங்கள். பந்து ஸ்ட்ரிங்கில் (ராக்கெட்டின் நரம்பில்) ஒட்டியிருப்பது 4 அல்லது 5 மில்லி நொடிதான். நொடிக்கு 30 சட்டம், அதாவது 30 படம், எடுக்கும் சாதாரண வீடியோவில் ஒரு சட்டத்துக்கும் அடுத்ததுக்கும் 33 மில்லி நொடி இடைவெளி. அதற்குள் ராக்கெட் தலை அரை மீட்டருக்கு மேல் போய்விடும். 240 சட்டத்தில் எடுத்தால்தான் தொடும் கணம் சிக்கும். ஒரு முறை பின்னாலிருந்து, ஒரு முறை வலப்பக்கத்திலிருந்து. கேமரா இடுப்பு உயரத்தில்.

கிரிப்பைச் சரிபார்க்க

பல அறிகுறிகளுக்கு வேர் கிரிப்பில், அதாவது ராக்கெட்டைப் பிடிக்கும் விதத்தில், இருப்பதால் முன்கூட்டியே பார்த்துவிடலாம். கைப்பிடிக்கு எட்டுப் பட்டைகள். ராக்கெட் விளிம்பு வானத்தைப் பார்க்கும்படி பிடித்தால் மேலே இருப்பது முதல் பட்டை. கைப்பிடியின் அடிப்பக்கம் உங்களைப் பார்த்திருக்க, கடிகாரச் சுற்றில் எண்ணுங்கள். ஆள்காட்டி விரலின் அடி முட்டி மூன்றாம் பட்டையில் இருந்தால் ஈஸ்டர்ன், நான்கில் செமி வெஸ்டர்ன், ஐந்தில் வெஸ்டர்ன். இரண்டில் இருந்தால் அது காண்டினென்டல். சர்வுக்கும் (பாயின்டைத் தொடங்கும் அடி) வாலிக்கும் (பந்து தரையில் படும் முன்பே அடிப்பது) உரியது. அந்தக் கிரிப்போடு டாப்ஸ்பின் ஃபோர்ஹேண்ட் (பந்து முன்னோக்கிச் சுழலும் அடி) அடிக்க முயல்பவர் பாதிக் கோளாறைக் கைப்பிடியிலேயே வாங்கிக்கொள்கிறார்.

கிரிப் நான்கு, ஐந்து என்று கீழே போகப் போக, பந்தைத் தொடும் இடம் உடம்புக்கு இன்னும் முன்னாலும் இன்னும் உயரத்திலும் போகும். டென்னிஸ் சாம்பியன்களில் ஃபெடரர் ஈஸ்டர்னுக்கு நெருக்கமாகப் பிடித்தார், நடால் செமி வெஸ்டர்ன். இரண்டும் உச்சத்தில் ஆடிய கை. ஆகவே எது உயர்ந்தது என்ற விவாதத்தை விட்டுவிடலாம். உங்கள் கிரிப்புக்கு உரிய இடத்தில் பந்தைத் தொடுகிறீர்களா என்பதே கேள்வி.

இதற்கு ஒரு சோதனை உண்டு. கோர்ட்டின் கம்பிவேலிக்கு எதிரே நின்று, பந்தைத் தொடும் நிலையில், இடுப்பு உயரத்தில், ராக்கெட் முகத்தை வேலியில் வைத்து அழுத்துங்கள். மணிக்கட்டை முறுக்காமலேயே முகம் முழுதாக வேலியில் படிந்தால் கிரிப்பும் இடமும் பொருந்துகின்றன. மேல் விளிம்பு முதலில் இடித்தால் முகம் கீழே கவிழ்ந்திருக்கிறது. கீழ் விளிம்பு முதலில் இடித்தால் முகம் மேலே திறந்திருக்கிறது.

பந்து வலையில் மோதுகிறது

எங்கே மோதுகிறது என்று பாருங்கள். வலையின் மேல் நாடாவிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ பட்டால் வீச்சில் பெரிய குறையில்லை, குறிதான் தாழ்வு. வலையின் நடு உயரம் 91.4 செ.மீ. பேஸ்லைனிலிருந்து ஆடும் சாதாரண ரேலிப் பந்து (இருவரும் மாறி மாறி அடித்துக்கொள்ளும் பந்து) அதற்கு மேல் ஒரு ராக்கெட் நீளமாவது, அதாவது 70 செ.மீ. அளவாவது, உயரத்தில் கடக்க வேண்டும். பக்கக் கம்பங்களில் கோல் கட்டி, வலைக்கு ஒரு மீட்டர் மேலே கயிறு இழுத்து, கயிற்றுக்கு மேலே 20 பந்து, வலைக்கும் கயிற்றுக்கும் நடுவே 20 பந்து அடியுங்கள். "மேலே தூக்கு" என்று நூறு முறை கத்துவதைவிட இந்தக் கயிறு வேகமாகக் கற்றுக்கொடுக்கும்.

வலையின் கீழ்ப்பாதியில் மோதினால் காரணம் வேறு. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று.

ராக்கெட் தலை பந்துக்குக் கீழே இறங்கவேயில்லை. டாப்ஸ்பின்னுக்கு ராக்கெட் தாழ்விலிருந்து மேல்நோக்கி, சுமார் 20 முதல் 30 டிகிரிச் சாய்வில் ஏறிப் பந்தைத் தொட வேண்டும். தொடுவதற்குச் சற்று முன் ராக்கெட் தலை பந்தைவிட ஒரு சாணாவது கீழே இருக்கிறதா என்று வீடியோவில் பாருங்கள். இல்லையென்றால் கையை மட்டும் தாழ்த்தாதீர்கள். முழங்காலை மடக்கி உடம்போடு இறங்குங்கள். கையை மட்டும் இறக்கினால் தோள் சாய்ந்து அடுத்த தவறு முளைக்கும்.

முகம் கவிழ்ந்திருக்கிறது. வேலிச் சோதனையில் மேல் விளிம்பு இடித்தவர்களுக்கு இதுதான். வெஸ்டர்ன் கிரிப்போடு தாழ்ந்த பந்தை அடிப்போருக்கு அடிக்கடி வரும். கிரிப்பை அரைப் பட்டை மேலே ஏற்றிப் பாருங்கள். முழுப் பட்டையாக ஒரேயடியாக மாற்ற வேண்டாம்.

மணிக்கட்டைப் பந்தின் மேல் உருட்டுகிறீர்கள். டாப்ஸ்பின் என்றால் பந்தைச் சுற்றி ராக்கெட்டை உருட்டுவது என்று யாரோ எங்கோ சொல்லிக்கொடுத்து, அது பரவிவிட்டது. 5 மில்லி நொடிக்குள் யாராலும் எதையும் உருட்ட முடியாது. தொட்டபின் கை உள்நோக்கித் திரும்புவது வீச்சின் விளைவு. அதைக் காரணமாக எடுத்துக்கொண்டு தொடும் முன்பே உருட்டினால் பந்து நேரே வலைக்குத்தான் போகும். பந்து போடாமல் 20 வெற்று வீச்சு செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் தொடும் இடத்தில் நிறுத்தி, முகம் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே தொடருங்கள்.

பந்து பேஸ்லைனைத் தாண்டுகிறது

இதற்கு எல்லோரும் செய்யும் வைத்தியம் வீச்சை மெதுவாக்குவது. நோயை வளர்க்கும் வைத்தியம் அது. பந்தைக் கோர்ட்டுக்குள் இறக்குவது டாப்ஸ்பின். டாப்ஸ்பின்னைத் தருவது ராக்கெட் தலையின் வேகம். தயங்கித் தள்ளிய பந்து சுழலாமல் மிதந்து, இன்னும் தள்ளித்தான் விழும்.

காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள்.

1. உடல் எடை பின்னால் சாய்கிறதா? அடித்து முடித்தபின் அப்படியே இரண்டு நொடி நில்லுங்கள். பின்காலில் நிற்கிறீர்கள் என்றால் தோள் பின்னே சாய்ந்து முகத்தைத் திறந்துவிட்டது. பந்து ஆழமாக வரும்போது முன்கூட்டியே பின்னே நகர்ந்துவிட்டு, அடிக்கும்போது நிமிர்ந்து நிற்க வேண்டும். பின்னே போய்க்கொண்டே அடிப்பதுதான் சிக்கல்.

2. ராக்கெட்டைப் பின்னே இழுக்கும்போது முகம் வானத்தைப் பார்க்கிறதா? கீழே இறங்கும் கட்டத்தில் ஸ்ட்ரிங் தரையை நோக்கிச் சற்றுக் கவிழ்ந்திருப்பது நல்லது. வானம் பார்த்து இறங்கும் முகம் தொடும் நேரத்துக்குள் மூடிக்கொள்ளும் என்பது லாட்டரி.

3. தோளுக்கு மேல் வரும் பந்தை ஈஸ்டர்ன் கிரிப்பில் இழுத்து அடிக்கிறீர்களா? அந்த உயரத்தில் அந்தக் கிரிப்பின் முகம் தானாகத் திறக்கும். உயரப் பந்துக்குக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

4. வீச்சு மாறவில்லை, ஆனால் சில வாரங்களாகப் பந்து நீளம் போகிறது என்றால் ஸ்ட்ரிங்கைப் பாருங்கள். பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் அறுவதற்கு முன்பே இழுவிசையை இழந்துவிடும். குறுக்கு நெடுக்கு இழைகள் வழுக்கித் தம் இடத்துக்குத் திரும்பாமல் விலகியே நின்றால் சுழற்சியும் குறையும். வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறீர்களோ ஆண்டில் அத்தனை முறையாவது ஸ்ட்ரிங் மாற்றுவது பழைய கணக்கு. பாலியெஸ்டருக்கு அதுவும் போதாது. புதிதாகப் போட்டும் நீளம் போனால் அடுத்த முறை இழுவிசையை 2 பவுண்டு கூட்டிக் கட்டச் சொல்லுங்கள். முதல் மூன்றையும் சரிபார்க்காமல் நேராக இதற்கு வர வேண்டாம்.

பந்து பக்கவாட்டில் வெளியே போகிறது

குறிக்கு வலப்புறம் போனால் தாமதமாகத் தொட்டீர்கள், இடப்புறம் போனால் சீக்கிரம் தொட்டீர்கள் அல்லது தோள் முன்பே திறந்துவிட்டது. பந்து கிளம்பும் திசை ஒரு டிகிரி பிசகினால், கோர்ட்டின் 23.77 மீட்டர் நீளத்தைக் கடந்து விழும்போது 40 செ.மீ. தள்ளி விழும். நான்கு டிகிரி என்றால் ஒன்றரை மீட்டருக்கு மேல்.

தாமதத்தை வீச்சை வேகப்படுத்திச் சரிசெய்ய முடியாது. மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் வரும் பந்து நூறில் ஒரு பங்கு நொடியில் 15 செ.மீ. நகர்கிறது, அவ்வளவு நுண்ணிய நேரத்தைக் கையால் மிச்சம் பிடிப்பது கடினம். தயாராவதில் என்றால் அரை நொடிகூட மிச்சம் பிடிக்கலாம். எதிராளி பந்தைத் தொடும்போது ஸ்பிளிட் ஸ்டெப், அதாவது இரண்டு காலாலும் சின்னக் குதி. பந்து ஃபோர்ஹேண்ட் பக்கம் என்று தெரிந்ததுமே தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்பட்டும். அப்போது இடக்கை ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்திருக்க வேண்டும்; அது பிடித்திருந்தால் தோள் திரும்பாமல் ராக்கெட் பின்னே போக முடியாது.

பயிற்சி: பந்து வலையைக் கடக்கும் கணத்தில் கோச் "வலை" என்று சொல்லட்டும். அந்தச் சொல் காதில் விழும்போது தோள் திரும்பியிருக்காவிட்டால் அந்தப் பந்தை அடிக்கக் கூடாது, விட்டுவிட வேண்டும். முதல் பத்தில் ஆறு ஏழு பந்து வீணாகும். அரை மணியில் எண்ணிக்கை இறங்கத் தொடங்கும். அடிக்கத் தடை போடுவதால்தான் இது வேலை செய்கிறது; அடித்தபின் "லேட்" என்று சொல்லிப் பயனில்லை, அது அடித்தவருக்கே தெரியும்.

இடப்புறம் இழுபடுவோரின் இடக்கையைப் பாருங்கள். தோள் திரும்பியபின் அது பேஸ்லைனுக்கு இணையாக நீண்டிருக்க வேண்டும், வீச்சு முன்னே வரும்போது மடங்கி மார்புக்கு அருகே வர வேண்டும். தொடைப் பக்கம் தொங்கினாலோ பின்னால் வீசப்பட்டாலோ தோள் முன்பே சுழன்று பந்தை இழுத்துக்கொண்டு போகும். எளிய திருத்தம்: அடித்து முடித்ததும் ராக்கெட்டின் கழுத்தை இடத்தோளுக்கு மேல் இடக்கையால் பிடியுங்கள். பிடிக்க முடியாத அடியில் இடக்கை தொலைந்துபோயிருக்கிறது என்று பொருள்.

பந்து ஃபிரேமில் படுகிறது

பழைய பந்துகளில் சுண்ணக்கட்டியைத் தடவிப் பத்து அடி அடித்துப் பாருங்கள். ராக்கெட்டில் தடம் விழும். நுனிப் பக்கம் தடம் இருந்தால் பந்திலிருந்து தள்ளி நிற்கிறீர்கள். கழுத்துப் பக்கம் என்றால் நெருங்கிவிட்டீர்கள். மேல் விளிம்பில் பட்டால் ராக்கெட் ஏறத் தாமதம், கீழ் விளிம்பில் பட்டால் அவசரம்.

நெருங்கிவிடுவதே அதிகம் நடப்பது. பந்தை நோக்கி ஓடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. பந்தின் பக்கத்துக்கு ஓட வேண்டும். முழங்கை விலாவில் ஒட்டினால் நெருக்கம். கை முழுதாக நீண்டு தோள் இழுபட்டால் தூரம். ராக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, கோச் கையால் போடும் பந்தை ஒரு குதிப்புக்குப் பின், முன்காலுக்கு ஒரு சாண் முன்னே, இடுப்பு உயரத்தில், வலக்கையால் பக்கவாட்டில் பிடித்துப் பழகுங்கள். 15 பந்து போதும். ராக்கெட் இல்லாததால் கை ஏமாற்றாது, கால்தான் வேலை செய்தாக வேண்டும். பிறகு ராக்கெட்டை எடுங்கள். கடைசி இரண்டு மூன்று அடிகள் சிறு சிறு அடிகளாக இருக்கட்டும். நீண்ட எட்டு வைத்து வந்து நின்றால் இடைவெளியைத் திருத்த நேரம் இருக்காது.

தலையைத் தூக்குவது இன்னொரு காரணம். பந்து எங்கே போகிறது என்று பார்க்கும் ஆசையில் தொடும் முன்பே கண் வலைக்குப் போய்விடும், தோளும் கூடவே எழும். தொட்ட இடத்தையே ஒரு கணம் பார்த்துக்கொண்டிருக்கப் பழகினால் போதும்.

பந்து குறுகி விழுகிறது, வலு இல்லை

சர்வீஸ் லைனிலிருந்து (வலைக்கும் பேஸ்லைனுக்கும் இடையே உள்ள கோடு) பேஸ்லைன் வரை 5.485 மீட்டர். நடுவே ஒரு கயிறு போட்டு, 10 பந்தை நீங்களே கையால் போட்டு அடியுங்கள். அதில் ஆறு பந்தாவது கயிற்றுக்கு அப்பால் விழ வேண்டும். அதைவிடக் குறைந்தால் உயரம் போதவில்லையா, வேகம் போதவில்லையா என்று பிரித்துப் பாருங்கள். வலைக்கு மேல் ஒன்றரை மீட்டர் உயரத்தில் அனுப்பினாலே பலருக்கு ஆழம் கிடைத்துவிடும்; வலுவே தேவைப்படாது.

வேகம்தான் குறை என்றால் வெற்று வீச்சில் காது கொடுங்கள். "விஷ்" என்ற காற்றுச் சத்தம் உங்களுக்கு முன்னால், தொடும் இடத்தில் உரக்கக் கேட்க வேண்டும். பின்னால் கேட்டால் வேகத்தை முன்பே செலவழித்துவிட்டீர்கள். காரணம் பெரும்பாலும் இறுக்கிப் பிடிப்பது. முழு இறுக்கத்தைப் பத்து என்று வைத்தால் தயாராகும்போது மூன்று நான்கு போதும். வலு தரையிலிருந்து வருகிறது: வலக்கால் தள்ள, இடுப்பு சுழல, தோள் தொடர, கை கடைசியில். இரண்டு கிலோ மெடிசின் பந்தை இரு கையாலும் வலப்பக்கத்திலிருந்து வீசிப் பழகினால் இந்த வரிசை தானாக வரும். கையால் மட்டும் வீசினால் பந்து தூரம் போகாது.

உயரப் பந்தும் தாழ்ந்த பந்தும்

தோளுக்கு மேல் எழும் பந்துக்கு மூன்று வழி: பின்னே போய் இறங்கவிட்டு அடிப்பது, முன்னே வந்து எழும்போதே அடிப்பது, நின்ற இடத்தில் உயரத்திலேயே அடிப்பது. கடைசி வழிக்கு ராக்கெட்டைத் தோளுக்கு மேலேயே தயார் செய்து, தட்டையாக முன்னே செலுத்துங்கள். கீழிருந்து ஏற்ற முயன்றால் ஃபிரேமில் படும். இம்மூன்றில் எது என்று பந்து வலையைக் கடக்கும் முன் முடிவெடுக்காதவர் மூன்றையும் பாதிப் பாதி செய்வார்.

தாழ்ந்த பந்துக்குக் காலை அகட்டி முழங்காலை மடக்குங்கள், வேகத்தைக் குறையுங்கள். வென்றுவிடும் அடிக்கு அது இடமில்லை.

பயிற்சியில் சரி, ஆட்டத்தில் போய்விடுகிறது

வீச்சைத் திரும்பப் பிரித்துப் பார்க்க வேண்டாம். கூடையிலிருந்து ஒரே இடத்துக்கு வரும் பந்தில் மட்டும் பழகியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். பயிற்சியைப் படிப்படியாக ஏற்றுங்கள்: வெற்று வீச்சு, நீங்களே போடும் பந்து, கோச் கையால் போடுவது, ராக்கெட்டால் போடுவது, ரேலி, பாயின்ட். ஒரு படியில் பத்தில் ஏழு நன்றாக வந்தால் மேலே. ஐந்துக்குக் குறைந்தால் ஒரு படி கீழே. ராக்கெட்டால் போடும் படியிலேயே ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட், ஆழம், குறுகல் என்று சொல்லாமல் கலந்து போடச் சொல்லுங்கள். எண்ணிக்கை சரியும், ஆட்டத்தில் நிற்பது அந்தச் சரிந்த எண்ணிக்கைதான். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு திருத்தம். ஒரே அடிக்குக் கால், தோள், மணிக்கட்டு என்று மூன்று குறிப்பு சொல்லும் கோச்சிடம், இன்றைக்கு எது ஒன்று என்று கேட்டுவிடுங்கள்.

ஆட்டத்தில் தடுமாறினால் குறுக்கே, மூலையிலிருந்து எதிர்மூலைக்கு, அடியுங்கள். வலை கம்பத்தருகே 1.07 மீட்டர், நடுவில் அதைவிட 15 செ.மீ. தாழ்வு, சிங்கிள்ஸ் கோர்ட்டின் மூலைவிட்டமோ நேர்நீளத்தைவிட 1.4 மீட்டர் நீளம். கோட்டோரமாக அடிக்கும்போது இவ்விரண்டு சலுகையும் இல்லை.

வலிக்கிறது

ஃபோர்ஹேண்டில் வரும் வலி பெரும்பாலும் முழங்கையின் உட்பக்கம், அல்லது மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம். தாமதமாகத் தொடுவது, இறுகப் பிடிப்பது, விறைப்பான பாலியெஸ்டரை உயர்ந்த இழுவிசையில் கட்டியிருப்பது, பொருந்தாத கைப்பிடி ஆகியவை வழக்கமான சந்தேகங்கள். அடித்து முடித்த மறுநாளும் வலி இருந்தால் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள்; வலியோடு வீச்சைத் திருத்த முயன்றால் வலியைத் தவிர்க்கும் இன்னொரு கெட்ட வீச்சைத்தான் கற்றுக்கொள்வீர்கள்.

திரும்பி வரும்போது மென்மையான மல்டிஃபிலமென்ட் (பல நுண்ணிழைகள் சேர்ந்த) ஸ்ட்ரிங்கை, முன்பைவிட 2 அல்லது 3 பவுண்டு குறைத்துக் கட்டுங்கள். கைப்பிடி அளவையும் பாருங்கள். ராக்கெட்டைப் பிடித்தபின் விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைச் சதைக்கும் நடுவே மறுகையின் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். நுழையவில்லையென்றால் கைப்பிடி சிறிது. அது கையில் சுழலாமலிருக்கவே இறுக்கிப் பிடிப்பீர்கள். ஓவர்கிரிப் (கைப்பிடிமேல் சுற்றும் நாடா) ஒன்று சுற்றினால் சுற்றளவு ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு அங்குலம், அதாவது அரை அளவு கூடும். முதலில் அதைச் சுற்றிப் பாருங்கள், புது ராக்கெட் பிறகு.